இழை அறுந்தால் தறியை உடைப்பதில்லை



ஒவ்வொரு இதழிலும் வார்டுகளில் நாங்கள் கற்றுக்கொண்ட ஒரு பாடத்தை உங்களோடு பகிர்ந்துகொள்வது வழக்கம். இந்த முறை எடுத்துக்கொண்டிருப்பது எக்ஸ்ரேயிலோ இரத்தப் பரிசோதனையிலோ தெரியாத ஒரு காயம். மனிதன் தன்னைத்தானே ஓயாமல் குற்றஞ்சாட்டிக்கொள்ளும் காயம் அது. ஆலயத்துக்கு ஒழுங்காகப் போகிறவர்களிடத்திலும் இது உண்டு. ஊழியக்காரரிடத்திலும் உண்டு. எங்களிடத்திலும் இருந்ததை இந்த ஆண்டு கண்டுகொண்டோம்.

சுவர்ப்பக்கம் திரும்பிய மனிதர்

தாராசுரத்திலிருந்து ஒரு பட்டு நெசவாளர் ஆண்கள் அறுவைச் சிகிச்சை வார்டில் சேர்க்கப்பட்டிருந்தார். (அவருடைய அனுமதியோடு எழுதுகிறோம். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறோம்.) வயது ஐம்பதுக்குள். சர்க்கரை வியாதி. காலில் ஆறாத புண். இருபத்தைந்து வருடமாகக் குழித்தறியில் உட்கார்ந்து மிதித்த கால் அது. மூன்று மாதமாகத் தறி ஓடவில்லை. வீட்டில் கடன். போதாக்குறைக்கு, பிளஸ் டூ எழுதிய மகள் ஆங்கிலத்தில் தவறிவிட்டாள். அந்தப் பெண்தான் அப்பாவின் கட்டிலருகே துணைக்கு இருந்தாள்.

அவர் சாப்பிட மறுக்கிறார் என்று டாக்டர் எங்களை அனுப்பினார். போய் அருகே நின்றோம். "என்னைப் பார்க்க எதுக்குய்யா வந்தீங்க? நான் உதவாக்கரை. எங்கப்பா நாலு பிள்ளையை இந்தத் தறியிலதான் கரையேத்துனாரு. நான் ஒண்ணைக்கூட உருப்படியா வளர்க்கலை" என்றார். அந்தக் கடைசி வார்த்தையைக் கேட்டு மகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

நாங்கள் என்ன சொன்னோம் தெரியுமா? "அப்படிச் சொல்லாதீங்க. பக்கத்துக் கட்டிலைப் பாருங்க, அவருக்கு முழங்காலுக்குக் கீழே எடுத்தாச்சு. உங்களைவிடக் கஷ்டப்படுகிறவர்கள் எத்தனை பேர்! நன்றியோடு இருங்க" என்றோம். அவர் பதில் பேசாமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். மாலையில் வார்டு சிஸ்டர் எங்களிடம், "ஐயா, நீங்க வந்துட்டுப் போனப்புறம் அவர் கஞ்சிகூடக் குடிக்கலை" என்றார்கள்.

அன்று இரவு எங்களுக்குத் தூக்கம் இல்லை. இறையியல் கல்லூரியில் படித்தும், முப்பது வருடத்துக்கு மேல் ஊழியம் செய்தும் ஒரு நோயாளியிடம் நாலு வார்த்தை பேசத் தெரியவில்லையே, இந்த அங்கி நமக்கு எதற்கு என்று எங்களையே திட்டிக்கொண்டிருந்தோம். நடுச்சாமத்துக்குப் பிறகுதான் உறைத்தது: தாராசுரத்து நெசவாளர் கட்டிலில் படுத்துச் சொன்ன அதே வார்த்தையைத்தான் நாங்கள் வேறு பாஷையில் சொல்லிக்கொண்டிருந்தோம்!

இரண்டு குரல்கள்

பிரியமானவர்களே, தன்னைத் தானே சோதித்தறிவது நல்லது என்று வேதம் போதிக்கிறது. மனந்திரும்புதல் நம் விசுவாசத்தின் வாசற்படி. ஆகையால் "உன்னை நீயே மெச்சிக்கொள், தவறே செய்யாதவன்போல் நட" என்று சொல்ல நாங்கள் வரவில்லை. ஆனால் உள்ளத்தில் பேசும் குரல்கள் இரண்டு உண்டு. அவற்றைப் பகுத்தறிய வேண்டும்.

ஒன்று, உணர்த்தும் குரல். அது ஒரு குறிப்பிட்ட செயலைச் சுட்டுகிறது. "மகளிடம் நீ சொன்ன வார்த்தை கடுமையானது" என்கிறது. கூடவே ஒரு வழியையும் காட்டுகிறது: "போய் அவளிடம் பேசு." அந்த வழியில் நடந்தவுடன் அது அமைதியாகிவிடும்.

மற்றொன்று, குற்றஞ்சாட்டும் குரல். அது செயலை விட்டுவிட்டு ஆளையே பிடிக்கிறது. "நீ உதவாக்கரை" என்கிறது. "எப்போதும், எதிலும், ஒருநாளும்" என்பவையே அதற்குப் பிடித்த வார்த்தைகள். அது வழி எதுவும் காட்டாது. எத்தனை முறை தண்டித்தாலும் திருப்தியடையாது. மன்னிப்புக் கேட்ட பிறகும் பேசிக்கொண்டேயிருக்கும்.

மார்ட்டின் லுத்தர் எர்ஃபர்ட் மடத்தில் துறவியாயிருந்த நாட்களில் இந்த இரண்டாம் குரலால் வாடினார். மணிக்கணக்காகப் பாவ அறிக்கை செய்தும் அவருக்குச் சமாதானம் கிடைக்கவில்லை. மேலும் மேலும் தன் உள்ளத்தையே தோண்டிக்கொண்டிருந்தவரை, கிறிஸ்துவின் பக்கம் கண்களைத் திருப்பும்படி அவருடைய மூத்தவராகிய ஸ்டாவ்பிட்ஸ் பொறுமையோடு நடத்தினார்.

தன்னையே வெறுப்பதைத் தாழ்மை என்று நம்மில் பலர் எண்ணிக்கொள்கிறோம். பிறனைத் தன்னைப்போல் நேசிக்கும்படி ஆண்டவர் கட்டளையிட்டார். தன்னைத் தினமும் செருப்பாலடிக்கிறவன் பிறனை எந்த அளவால் நேசிப்பான்? தன்னைத் திட்டும் அதே நாக்கால் அவன் பிள்ளையையும் திட்டுவான். அந்தக் கட்டிலருகே தலைகுனிந்த பெண்ணில் நாங்கள் கண்டது இதுவே.

சூரைச்செடியின் கீழ் ஒரு தீர்க்கதரிசி

1 இராஜாக்கள் 19-ஆம் அதிகாரத்தைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். முந்தின அதிகாரத்தில் கர்மேல் பர்வதத்தில் பெரிய வெற்றி கண்ட எலியா, இங்கே யேசபேலின் மிரட்டலுக்குப் பயந்து ஓடுகிறார். பெயெர்செபாவில் தன் வேலைக்காரனை விட்டுவிட்டுத் தனியே வனாந்தரத்தில் ஒருநாள் தூரம் போய், ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, சாவைக் கேட்கிறார். அவர் சொன்ன காரணத்தைக் கவனியுங்கள்: தான் தன் முன்னோர்களைவிட நல்லவன் அல்ல என்கிறார். தாராசுரத்தாரும் தன் அப்பாவைத்தானே அளவுகோலாக எடுத்தார்! தேவன் எலியாவை நடத்தின முறையில் நான்கு படிகள் உண்டு.

1. முதலில் உணவும் தூக்கமும். தூதன் எலியாவுக்குப் பிரசங்கம் செய்யவில்லை. அவரைத் தட்டியெழுப்பி, தழலில் சுட்ட அடையையும் தண்ணீரையும் கொடுத்தான். சாப்பிட்டு மறுபடி படுத்துக்கொண்டவரைத் தொந்தரவு செய்யாமல் விட்டு, இரண்டாந்தரம் எழுப்பி மறுபடியும் உணவு கொடுத்தான். பசியும் களைப்பும் உள்ள உடம்பில் குற்றஞ்சாட்டும் குரல் பத்து மடங்கு உரக்கக் கேட்கும். சர்க்கரை வியாதி உள்ளவர்களிடம் மனச்சோர்வு மற்றவர்களைவிட அதிகமாகக் காணப்படுவதை மருத்துவர்கள் அறிவார்கள்.

2. பிறகு கேள்வி. இங்கே உனக்கு என்ன காரியம் என்று ஓரேபில் தேவன் இரண்டு முறை கேட்கிறார். எலியா இரண்டு முறையும் ஏறக்குறைய அதே புலம்பலைச் சொல்கிறார். தேவன் இடைமறிக்கவில்லை. ஒருவர் தன் துக்கத்தை இரண்டாம் முறை சொல்லும்போது "முன்னேயே சொன்னீங்களே" என்று சொல்லாதிருப்பது பெரிய ஊழியம்.

3. பிறகு உண்மையான கணக்கு. தான் ஒருவன் மாத்திரம் மீதியென்று எலியா சொன்னார். தேவன் ஏழாயிரம் பேர் உண்டு என்றார். மனம் சோர்ந்தவனின் கணக்கு எப்போதும் தவறாகவே இருக்கும். தேவன் அவரைப் புகழ்ந்து தேற்றவில்லை என்பதைக் கவனியுங்கள். அவர் விட்டுவிட்ட எண்ணிக்கையைச் சொல்லிக் கணக்கைத் திருத்தினார்.

4. கடைசியாக ஒரு வேலையும் ஒரு துணையும். திரும்பிப் போகும் வழியும், செய்யவேண்டிய அபிஷேகங்களும், கூடவே எலிசா என்னும் துணையும் கொடுக்கப்பட்டன. வேலைக்காரனை விட்டுவிட்டு ஓடினவர், இனித் தனியாக நடக்க வேண்டியதில்லை.

மறுநாள் காலையில் நாங்கள் மறுபடி வார்டுக்குப் போனோம். இந்த முறை நிற்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தோம். "நேற்று நான் பேசினது தப்பு. உங்க கஷ்டத்தை அடுத்தவர் காலோடு ஒப்பிட்டிருக்கக் கூடாது" என்றோம். அவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டேயிருந்தார். "பரவாயில்லைய்யா, நீங்க பெரியவங்க" என்றார். மகள் இட்லியைப் பிட்டுக் கொடுத்தாள். ஒரு இட்லி சாப்பிட்டார். அன்றைக்கு அவ்வளவுதான்.

அவர் கிறிஸ்தவர் அல்ல. நாங்கள் அவருக்கு எலியாவின் கதையைச் சொல்லவுமில்லை. மூன்றாம் நாள் தறியைப்பற்றி விசாரித்தோம்.

"நெய்யும்போது பட்டு இழை அறுந்தா என்ன செய்வீங்க?"

"மிதிக்கிறதை நிறுத்திட்டு நுனியைத் தேடுவோம். கிடைச்சா முடிச்சு. கிடைக்கலேன்னா வேற இழை கொடுத்து முடிச்சு. அப்புறம் ஓட்ட வேண்டியதுதான்."

"ஒரு புடவைக்கு எத்தனை தடவை அறும்?"

"அதுக்குக் கணக்கு உண்டாய்யா?" என்று சிரித்தார். அவர் சிரித்ததை அன்றுதான் பார்த்தோம்.

"அறுந்துடுச்சேன்னு தறியை உடைச்சிடறதில்லையே?" என்றோம். அவர் பதில் சொல்லவில்லை. சற்று நேரம் கழித்து மகளைப் பார்த்து, "நீ பரீட்சைக்கு மறுபடி பணம் கட்டிட்டியா?" என்று கேட்டார்.

கும்பகோணத்து மாணவர்

அந்தப் பெண்ணோடும் பேச வேண்டியிருந்தது. "சித்தப்பா பையன் நானூத்துச் சொச்சம் வாங்கியிருக்கான் சார். நான் பெயில்" என்றாள். தாராசுரத்துக்குக் கூப்பிடு தூரத்தில் கும்பகோணம். அந்த ஊர் மாணவர் ஒருவரைப்பற்றி அவளிடம் சொன்னோம்.

சாரங்கபாணி சன்னதித் தெருவில் ஒரு சிறிய ஓட்டு வீடு இன்று நினைவில்லமாகப் பராமரிக்கப்படுகிறது. அங்கே வளர்ந்தவர் ஸ்ரீநிவாச ராமானுஜன். அவருடைய தகப்பனார் ஒரு ஜவுளிக் கடையில் குமாஸ்தா. டவுன் ஹைஸ்கூலில் பரிசுகள் வாங்கிய ராமானுஜன் 1904-இல் உதவித்தொகையோடு கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்தார். கணக்கிலேயே மூழ்கி மற்றப் பாடங்களை விட்டுவிட்டார். ஆங்கிலத்தில் தவறினார். உதவித்தொகை போயிற்று. 1905-இல் வீட்டாரிடம் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்குப் போய்விட்டார். பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து எஃப்.ஏ. தேர்வு எழுதினார். 1906-இலும் தோல்வி, 1907-இலும் தோல்வி.

1913 ஜனவரியில் அவர் கேம்பிரிட்ஜிலிருந்த பேராசிரியர் ஹார்டிக்கு எழுதின கடிதத்தையும், 1914-இல் கப்பலேறினதையும், 1918-இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானதையும் யாவரும் அறிவோம். அவர் பிறந்த டிசம்பர் 22-ஆம் தேதி தேசிய கணித தினமாகக் கொண்டாடப்படுகிறது. ஆனால் "நீயும் தோற்றுவிட்டாய், ஆகவே நீயும் ராமானுஜன் ஆவாய்" என்று நாங்கள் அந்தப் பெண்ணிடம் சொல்லவில்லை. அது பொய்யான ஆறுதல். தேர்வில் தவறுகிற பிள்ளைகளில் பெரும்பாலோர் நம்மைப்போல் சாதாரணமானவர்களே. மேதையானால்தான் ஒரு பிள்ளைக்கு மதிப்பு உண்டோ?

அவருடைய வாழ்க்கையில் நாங்கள் காண்பவை மூன்று.

முதலாவது, அவர் தவறினது உண்மை. ஆங்கிலத் தாள் சரியாக எழுதவில்லை என்பதை அந்த மதிப்பெண் சரியாகவே சொன்னது. ஆனால் அது ஒரு தாளைப்பற்றிய செய்தி மாத்திரமே. ஒரு ஆளைப்பற்றிய தீர்ப்பாக அதை எடுத்துக்கொண்டால் உண்மையும் பொய்யாகிவிடும்.

இரண்டாவது, அவர் தனியாக எழுந்திருக்கவில்லை. காகிதத்துக்குப் பணமில்லாமல் சிலேட்டில் கணக்குப் போட்டு, முழங்கையால் அழித்துக்கொண்டிருந்த மனிதரை, இந்தியக் கணிதச் சங்கத்தை நிறுவிய வி. ராமசாமி ஐயர் 1910-இல் கேட்டறிந்தார். நெல்லூர் கலெக்டராயிருந்த ஆர். ராமச்சந்திர ராவ் மாதந்தோறும் பணம் கொடுத்துத் தாங்கினார். 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தா வேலை கிடைத்தது. அங்கே நாராயண ஐயர் அவரோடு உட்கார்ந்து கணக்குப் பார்த்தார். எலியாவுக்கு எலிசாபோல, ஆட்கள் தேவைப்பட்டார்கள்.

மூன்றாவதை நாம் பொதுவாகச் சொல்வதில்லை. 1918-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், போர்க்காலத்து இங்கிலாந்தில், நோயும் தனிமையும் சூழ்ந்திருந்த நாட்களில், ராமானுஜன் தம் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று காப்பாற்றப்பட்டார் என்று அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதினவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அதற்குள் உலகம் அவரை மதிக்கத் தொடங்கியிருந்தது. ஆம், புகழும் பட்டமும் ஒரு மனிதனின் உள்ளத்தைத் தாங்கப் போதுமானவை அல்ல. மதிப்பெண்ணின்மேல் கட்டின மதிப்பு, மதிப்பெண் கூடினாலும் ஆடிக்கொண்டுதான் இருக்கும்.

வீட்டில் செய்துபார்க்க

1960-களில் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் ஆரோன் பெக் என்னும் மனநல மருத்துவர், மனச்சோர்வுற்றவர்களின் உள்ளத்தில் தம்மைப்பற்றிய கசப்பான எண்ணங்கள் தாமாகவே ஓடிக்கொண்டிருப்பதைக் கவனித்தார். அந்த எண்ணங்களை எழுதி, உண்மைதானா என்று விசாரிக்க அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். இன்று உலகெங்கும் கையாளப்படும் முறை அது. எங்கள் வார்டில் நாங்கள் எளிமையாகச் செய்வது இதுதான்.

ஒரு நோட்டுப் புத்தகத்தில் நடுவே கோடு போடுங்கள். இடதுபக்கம் உள்ளே கேட்ட வார்த்தையை அப்படியே எழுதுங்கள். வலதுபக்கம் உண்மையில் நடந்ததை, ஒரு சாட்சி நீதிமன்றத்தில் சொல்வதுபோல், கூட்டாமல் குறைக்காமல் எழுதுங்கள். பிறகு மூன்று கேள்விகள் கேளுங்கள்:

அ) இந்த வார்த்தை நான் செய்த செயலைப்பற்றியதா, அல்லது ஆளையே தள்ளிவிடுகிறதா?

ஆ) அடுத்த கட்டிலில் படுத்திருப்பவர் இதே நிலையில் இருந்தால், அவரிடம் இந்த வார்த்தையைச் சொல்வேனா?

இ) இன்று செய்யக்கூடிய ஒரு சிறு காரியம் எது?

தாராசுரத்தாருக்கு எழுதுவது கஷ்டம். அவர் சொல்ல மகள் எழுதினாள். இடதுபக்கம்: "நான் உதவாக்கரை." வலதுபக்கம்: "மூணு மாசமா தறி ஓடலை. காலில் புண். அதுக்கு முந்தி இருபத்தஞ்சு வருஷம் ஓட்டினேன்." மூன்றாம் கேள்விக்கு, "இன்னைக்கு மூணு வேளையும் சாப்பிடறது" என்றார். நாலாம் நாள் அந்த நோட்டைப் புரட்டினபோது, பின்பக்கத்தில் அந்தப் பெண்ணே தனக்கென்று ஒரு பக்கம் தொடங்கியிருந்ததைக் கண்டோம். அதை நாங்கள் வாசிக்கவில்லை. மூடி வைத்துவிட்டோம்.

இந்த நோட்டு எல்லா வியாதிக்கும் மருந்தல்ல. இரண்டு வாரத்துக்கு மேல் சோர்வு நீங்காமல், தூக்கமும் பசியும் கெட்டு, எதிலும் பற்றில்லாமல் ஒருவர் இருந்தால் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். "இருந்து என்ன பிரயோஜனம்" என்ற பேச்சு வந்தால் ஒருநாளும் தாமதிக்க வேண்டாம். அவரைத் தனியே விடவும் வேண்டாம். அதைப்பற்றி நேரடியாகக் கேட்பதால் அந்த எண்ணம் வளராது. கேட்க ஒருவர் இருக்கிறார் என்ற ஆறுதலே உண்டாகும். 2022 முதல் இயங்கிவரும் அரசின் டெலி-மானஸ் தொலைபேசி எண் 14416. இரவும் பகலும் இலவசமாகத் தமிழில் பேசலாம். மாத்திரை எடுப்பது விசுவாசக் குறைவு என்று எவரும் சொன்னால், அடையையும் தண்ணீரையும் கொண்டுவந்த தூதனை அவருக்கு நினைப்பூட்டுங்கள்.

பெற்றோரிடத்தில் ஒரு விண்ணப்பம். தமிழ்நாட்டில் 2017 முதல் பொதுத் தேர்வுகளில் மாநில அளவிலான முதலிடப் பட்டியல் வெளியிடப்படுவதில்லை. தவறினவர்களுக்கு உடனடித் துணைத் தேர்வும் உண்டு. அரசாங்கமே பட்டியலை நிறுத்தின பிறகு, நம் சாப்பாட்டு மேசையில் அதை ஏன் இன்னும் வாசித்துக்கொண்டிருக்க வேண்டும்? தேர்வு முடிவு வரும் நாளில் பிள்ளையிடம் நாம் சொல்லும் முதல் வார்த்தை, பல வருடங்களுக்கு அவன் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் வார்த்தையாகிவிடும்.

இப்போது

தாராசுரத்து நண்பரின் கால் காப்பாற்றப்பட்டது. ஒரு விரலை மாத்திரம் எடுக்க வேண்டியதாயிற்று. கடன் தீரவில்லை. தறியில் உட்கார இன்னும் சில வாரங்கள் ஆகும். அதுவரை வீட்டிலிருந்தபடியே நூல் சுற்றிக் கொடுக்கிறார். மகள் துணைத் தேர்வு எழுதியிருக்கிறாள். இதை எழுதும் நாள்வரை முடிவு வரவில்லை. போன வாரம் கட்டு மாற்ற வந்தபோது, "ரிசல்ட் எப்படி வந்தாலும் முதல்ல அவளுக்குச் சாப்பாடு போட்டுட்டுத்தான்யா பேசுவேன்" என்றார். எங்களுக்கு அது போதும்.

இந்த ஊழியத்துக்கு விலையுயர்ந்த கருவி தேவையில்லை. ஒரு நாற்காலியும், அவசரமில்லாமல் உட்கார நேரமும் வேண்டும். அந்த நேரத்தை எங்களுக்குத் தருவது உங்கள் காணிக்கையும் ஜெபமுமே. கட்டிலருகே துணைக்கிருப்பவர்களுக்குக் கொடுக்கப்படும் காலை உணவும் அப்படியே. அந்த இட்லியும் உங்களுடையதுதான்.

குடும்ப ஜெபத்திலும் ஐக்கியக் கூட்டங்களிலும் சிந்திக்க

1. போன வாரம் உங்களையே நீங்கள் திட்டிக்கொண்ட ஒரு வார்த்தை எது? அதை முதன்முதலில் யார் வாயிலிருந்து கேட்டீர்கள்?

2. எலியா தம் வேலைக்காரனை விட்டுவிட்டுப் போனார். நாம் சோர்ந்திருக்கும்போது யாரை விட்டு விலகிப்போகிறோம்?

3. நம் சபையில் சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்திருப்பவர் யார்? இந்த வாரம் அவருக்குப் பிரசங்கம் இல்லாமல் ஒருவேளை உணவு கொண்டுபோக முடியுமா?

ஜெபம்: எங்களை உருவாக்கின ஆண்டவரே, எங்கள் தவறுகளை எங்களுக்கு உணர்த்தும். ஆனால் நீர் தள்ளாதவர்களை நாங்கள் தள்ளாதபடி காத்துக்கொள்ளும். எங்களையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளும். தேர்வு முடிவுக்குக் காத்திருக்கும் பிள்ளைகளையும், தறி ஓடாத வீடுகளையும், படுக்கையில் சுவர்ப்பக்கம் திரும்பியிருப்பவர்களையும் நினைத்தருளும். அவர்கள் அருகே நாற்காலி போட்டு உட்கார எங்களுக்குப் பொறுமை தாரும். இயேசு கிறிஸ்துவின் மூலம் கேட்கிறோம். ஆமென்.

கிறிஸ்துவின் பணியில் உங்கள்,
மருத்துவமனைச் சாப்ளின்